வராது போன ஓட்டவீரர்

1912ஆம் ஆண்டு யூலை மாதம் 14ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டொக்ஹோமில் ஐந்தாவது ஒலிம்பிக் விழாவின் மரதன் ஓட்டம் நடைபெற்றது. நண்பகல் கழிந்து சிறிது நேரத்தில் அறுபத்தெட்டுப் பேர் விளையாட்டரங்கை விட்டு வெளியே ஓடினர். வடக்கே சொலன்ரூனா என்னும் ஊரின் தேவாலயம் வரை சென்று, அதே வழியால் அரங்குக்கு மீள்வது அவர்களுக்கு விதிக்கப்பட்ட பாதை. மொத்தத் தூரம் 40.2 கிலோமீற்றர். வெயில் அன்று 32 பாகை சென்ரிகிரேட் வரை ஏறியிருந்தது. புறப்பட்டோருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரே எல்லைக்கோட்டைக் கண்டனர். ஏனையோர் வழியில் நின்றுவிட்டனர். நின்றவர் நின்றவராகவே பதியப்பட்டனர். யப்பானிய இளைஞர் ஒருவரைப் பற்றி மாத்திரம் பதிவேதும் இல்லை. அவர் வந்து சேரவும் இல்லை. நின்றுவிட்டதாக எவருக்கும் அறிவிக்கப்படவும் இல்லை.

அவர் பெயர் ஷிசோ கனாகுரி. பிற்காலத்திற் சுவீடனில் அவரைச் சுற்றி ஒரு கதையே வளர்ந்துவிட்டது. காணாமற்போன யப்பானியர் இன்னமும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிச் சிரிப்பது அந்நாட்டவர்க்கு ஒரு வேடிக்கையாயிற்று. வேடிக்கைக் கதைகளின் இயல்பு ஒன்றுண்டு. அவை தமக்கு வேண்டியதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மிகுதியை விட்டுவிடும். கனாகுரி ஒளிந்து வாழ்ந்தவரல்லர். 1920இலும் 1924இலும் வேறு இரு ஒலிம்பிக் விழாக்களில் தமது சொந்தப் பெயரிலேயே, பல்லாயிரவர் முன்னிலையில் ஓடியவர். ஸ்டொக்ஹோமின் ஏடுகளில் அவர் தொலைந்துபோனார் என்பது உண்மை. உலகத்தில் அவர் தொலையவில்லை. அன்றைய தினம் அவர் ஏன் வந்து சேரவில்லை, வந்து சேராமை அவரை என்ன செய்தது என்பனவே அறியவேண்டியவை.

கனாகுரி 1891இல் யப்பானின் தென்பகுதியாகிய கியூஷு தீவில், குமமோட்டோ மாகாணத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். டோக்கியோவிலிருந்த உயர்தர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவராயிருந்தபோது ஓட்டம் அவருக்கு வாய்த்தது. அக்கல்லூரியின் அதிபர் ஜிகோரோ கானோ. யூடோ என்னும் மற்போர்க் கலையை வகுத்தவர் அவரே. 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் ஆசியாவின் முதல் உறுப்பினராகவும் அவர் அமர்ந்தார். ஸ்டொக்ஹோமுக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று அவர் உறுதிபூண்டு, 1911 நவம்பரில் டோக்கியோவை அடுத்த ஹனேடாவிலே தெரிவுப் போட்டியை நடத்தினார். இருபத்தைந்து மைல் தூரத்தைக் கனாகுரி 2 மணி 32 நிமிடம் 45 செக்கனில் ஓடி முடித்தார். அந்நாளில் உலகம் அறிந்திருந்த வேகங்களை அது வெகுவாக விஞ்சி நின்றது. அப்பாதை சரியாக அளக்கப்பட்டதா என்பதிற் பின்னாளில் பலர் ஐயங்கொண்டனர். அந்த ஐயம் அன்றே எழுந்திருப்பின் அவ்விளைஞரின் தோள்களிற் சுமை சிறிது குறைந்திருக்கும். ஆனால் நாடு அந்த எண்ணை நம்பியது. உலகத்தையே வெல்லத்தக்க ஒருவர் தம்மிடம் உள்ளார் என்று மக்கள் பேசிக்கொண்டனர்.

கனாகுரி முதலில் இணங்கவில்லை. வெற்றிக்கு உத்தரவாதம் தரவியலாத நிலையில் நாட்டின் பெயரைச் சுமந்து செல்வது தகாது என்று அவர் எண்ணினார். எக்காரியத்திலும் முதலிற் செல்பவன் ஒருவன் வேண்டும், அவன் தோற்றாலும் பின்வருவோர்க்கு வழி திறக்கும் என்ற கருத்துப்பட அதிபர் அவரைத் தேற்றினார். பின்னர் பணம் என்னும் கேள்வி எழுந்தது. செலவை ஏற்க அரசாங்கம் முன்வரவில்லை. சக மாணவர்கள் ஒன்றுகூடி நிதி திரட்டினர். குடும்பத்தார் மிகுதிக்கு உதவினர். மாணவர் கையிலிருந்து வரும் பணம் எத்தகையது என்பதை மாணவரே அறிவர். அது மிகையானவற்றிலிருந்து கிள்ளிக் கொடுக்கப்படுவதன்று. கனாகுரி டோக்கியோவிலிருந்து புகையிரதம் ஏறியபோது அக்கடனும் அவருடன் ஏறிற்று.

யப்பானிலிருந்து சென்ற போட்டியாளர் இருவரே. மற்றவர் குறுந்தூர ஓட்டவீரராகிய யாஹிக்கோ மிஷிமா. கடலைக் கடந்து விளாடிவொஸ்ரொக் சென்று, அங்கிருந்து சைபீரியப் புகையிரதத்தில் ஐரோப்பாவை நோக்கிப் பயணஞ் செய்தனர். பிரயாணம் முழுதும் பதினெட்டு நாட்கள். பெட்டிக்குள் முடங்கிக் கிடந்தாற் கால்கள் மரத்துப்போகும் என்று அஞ்சி, வண்டி நின்ற நிலையங்கள் தோறும் இறங்கிச் சுற்றுப்புறத்தில் ஓடிவிட்டு, மணி அடிக்குமுன் ஏறிக்கொண்டனர். ஓட்டப் பயிற்சியின் வரலாற்றில் இதனிலும் பரிதாபமான மைதானம் ஒன்றைக் காண்பது அரிது.

ஜூன் மாதத்தின் தொடக்கத்தில் ஸ்டொக்ஹோமை அடைந்தனர். போட்டிக்கு ஆறு வாரங்கள் வரை இருந்தன. போதிய அவகாசமே என்று தோன்றும். ஆனால் அந்நகரின் கோடைகாலத்தை அவர்கள் அறிந்திருக்கவில்லை. வட துருவத்தை அண்டிய நாடாதலின் அப்பருவத்தில் அங்கே இரவு என்பது பெயரளவுக்கே உண்டு. நள்ளிரவிலும் வானம் வெளுத்தே கிடக்கும். கண்ணை மூடினாலும் சன்னல் வழியே வெளிச்சம் வந்து இமையைத் தட்டும். உறக்கம் கெட்டது. உறக்கம் கெட்டவனுக்கு உணவு பிடிப்பதில்லை. சோறுண்டு வளர்ந்தவர்க்கு அவ்வூர் உணவு ஒத்துக்கொள்ளவும் இல்லை.

காலணியும் ஒரு பிரச்சினையாயிற்று. கனாகுரி சப்பாத்து அணிந்து ஓடியவரல்லர். தபி என்பது யப்பானியர் வழங்கும் துணிக் காலுறை. பெருவிரல் ஒருபுறமும் ஏனை நான்கு விரல்கள் மறுபுறமுமாகப் பிரித்துத் தைக்கப்படுவது. அதன் அடிப்பாகத்துக்குத் தடிப்பேற்றி அதனையே அவர் ஓட்டத்துக்கு அணிந்தார். யப்பானின் மண் பாதைகளுக்கு அது பொருந்தியது. கல் பாவிய ஸ்டொக்ஹோம் வீதிகளோ வேறு. ஒவ்வோர் அடியும் முழங்காலில் எதிரொலித்தது. வலி கண்டது, பயிற்சி குன்றியது.

இவற்றையெல்லாம் கண்டு ஆலோசனை சொல்லுதற்கென்றே உடன் சென்றவர் பயிற்சியாளர் ஹியோசோ ஓமோரி. அமெரிக்காவிற் பயின்று வந்த அவர் கற்றறிந்தவர். ஆனால் சயரோகம் அவரைப் பற்றியிருந்தது. வீரர்களைப் பார்க்க வேண்டியவர் தாமே படுக்கையிற் கிடந்தார். அவருடைய மனைவி, அமெரிக்கப் பெண்மணி, நோயாளிக்குத் துணையாயிருந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஓமோரி அமெரிக்காவிற் காலமானார் என்பதிலிருந்து, ஸ்டொக்ஹோமில் அவர் எந்நிலையில் இருந்திருப்பார் என்பதை உய்த்துணரலாம். அவரைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. எனினும் அந்த இரு இளைஞர்களும் அந்நிய நகரில் வழிகாட்டுவாரின்றித் தாமே தம்மைப் பயிற்றிக்கொள்ள வேண்டியவராயினர் என்பது உண்மை. தொடக்க விழா அணிவகுப்பில் மிஷிமா கொடியையும் கனாகுரி நாட்டின் பெயர்ப்பலகையையும் ஏந்திச் சென்றனர். ஏனைய நாடுகளின் நீண்ட வரிசைகளுக்கு நடுவே, பின்னால் ஒருசிலரோடு வந்த அச்சிறு குழுவைப் பார்த்தவர் மனத்தில் என்ன தோன்றியிருக்குமோ!

மரதன் தினத்தன்று வெயில் வடநாட்டின் வெயிலாக இருக்கவில்லை. ஓட்டத்தின்போது நீர் அருந்தினால் உடல் தளரும் என்பது அக்காலத்து ஓட்டவீரரிடையே பரவலாயிருந்த நம்பிக்கை. இன்று சிறு பிள்ளையும் அதைக் கேட்டு நகைக்கும். சொலன்ரூனாவின் திருப்பத்தைக் கனாகுரி கடந்தார். திரும்பும் வழியில், ஏறக்குறைய இருபத்தேழாவது கிலோமீற்றரை அண்டியபோது, கண் இருண்டது. கால்கள் பாதையை விட்டு விலகின.

பாதையோரத்தில் ஒரு வீட்டின் தோட்டம் இருந்தது. ஓட்டத்தைப் பார்க்கக் கூடியிருந்த அவ்வீட்டார் அவரை உள்ளே அழைத்துச் சென்று பழரசம் கொடுத்து இளைப்பாறச் செய்தனர். எவ்வளவு நேரம் அவர் அங்கே கிடந்தார் என்பதன்று முக்கியம். எழுந்தபோது ஓட்டம் முடிந்திருந்தது. பக்கத்து நிலையத்திற் புகையிரதம் ஏறி நகருக்கு மீண்டார். அரங்கிலே தென்னாபிரிக்கரான மக்ஆதர் 2 மணி 36 நிமிடம் 54.8 செக்கனில் வென்றிருந்தார். ஹனேடாவின் எண்ணோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்த யப்பானியர் ஒவ்வொருவர்க்கும் நெஞ்சில் முள் தைத்திருக்கும்.

தாம் இடையில் நின்றமையைக் கனாகுரி முறைப்படி அறிவிக்கவில்லை. இதனைப் பொறுப்பின்மை என்று கூறுவோரும் உளர். ஒரு வரி எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் செல்லும் என்று கேட்பது எளிது. ஆனால் அவ்வரியை எழுதுபவன் யாருக்கு எழுதுகிறான்? அமைப்பாளருக்கு மாத்திரமா? சில்லறைக் காசுகளைச் சேர்த்தளித்த தோழர்களுக்கு, புகையிரத நிலையத்திற் கூடிநின்று கையசைத்தவர்களுக்கு, தோற்றாலும் வழி திறக்கும் என்று தேற்றிய அதிபருக்கு அல்லவா? தோற்பதற்கு அவர் ஆயத்தமாயிருந்தார். ஓடி முடித்துத் தோற்பது ஒன்று; ஒரு தோட்டத்திற் பழரசம் அருந்திக் கிடந்தமையாற் காணாமற்போவது வேறொன்று. முன்னதைச் சொல்வதற்கு வாய் இருக்கும், பின்னதற்கு இராது.

அதே பாதையில், அதே வெயிலில், போர்த்துக்கல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசரோ என்னும் இளைஞரும் ஓடினார். தச்சுத் தொழிலாளி, தம் நாட்டின் கொடியைத் தொடக்க விழாவில் ஏந்தி வந்தவர். கனாகுரி விழுந்த இடத்துக்குச் சில கிலோமீற்றர் அப்பால் அவர் வீழ்ந்தார். அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மறுநாட்காலை அவர் உயிர் பிரிந்தது. நவீன ஒலிம்பிக் வரலாற்றில் போட்டியின் விளைவாக நேர்ந்த முதல் மரணம் அது. கனாகுரி அத்தோட்டத்துள் நுழையாது, மானத்தை எண்ணி மேலும் சில கிலோமீற்றர் தள்ளாடிச் சென்றிருப்பின், அவ்வாண்டின் ஏடுகளில் இரண்டு மரணங்கள் பதிவாகியிருத்தல் கூடும். இதை எவரும் கனாகுரிக்குச் சொல்லித் தேற்றியிருக்கலாம். சொல்லியும் பயனிருந்திராது. அடுத்த நாள் தம் நாட்குறிப்பில், தமது வாழ்நாளின் பெருந்துயர் இதுவென்றும், உழைத்து இவ்விழுக்கைத் துடைப்பேன் என்றும் பொருள்பட அவர் எழுதினார்.

எழுதியவாறே செய்தார் என்பதில்தான் கனாகுரியின் தனித்தன்மை உள்ளது. தம்மைத் தோற்கடித்தது வெயில் என்று கண்டு, கோடைகாலத்தில் டோக்கியோவை அடுத்த தத்தேயமா கடற்கரைக்குச் சென்று, உச்சிவேளையில் மணல்மீது ஓடினார். ஸ்டொக்ஹோமின் வெயிலைத் தாமே தேடிச் சென்று பழகிக்கொண்டார் எனலாம். கல்விக் கடமைகள் இருந்தன. 1914இல் திருமணம் நடைபெற்றது. கல்லூரியை விட்டு வெளியேறி ஆசிரியத் தொழிலும் ஏற்றார். இவற்றுள் ஒன்றும் பயிற்சியைக் குலைக்க அவர் இடங்கொடுக்கவில்லை. அடுத்த விழா 1916இல், பேர்லினில். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை எட்டும். நெடுந்தூர ஓட்டவீரர்க்கு உடல் முழு வலிமையோடு விளங்கும் வயது அது. முழங்கால் ஆறியிருந்தது. காலணிக்குத் தடித்த அடிப்பாகம் அமைக்கப் பழகிய கைவினைஞர் துணையிருந்தார். சைபீரியப் பாதையும், வெள்ளை இரவுகளும், அந்நிய உணவும் இனி அவருக்குப் புதியனவல்ல.

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவிற் போர் மூண்டது. பேர்லின் விழா நடைபெறவில்லை.

கனாகுரியின் வாழ்க்கையில் மிகக் கொடியது ஸ்டொக்ஹோம் அன்று என்று கருத இடமுண்டு. ஸ்டொக்ஹோமில் அவர் ஆயத்தமின்றிச் சென்று வீழ்ந்தார். அதற்குக் காரணங் கூறலாம், அதிலிருந்து கற்கலாம், மீண்டும் முயலலாம். 1916இல் அவர் ஆயத்தமாயிருந்தார். சென்றடைய ஓட்டமே இருக்கவில்லை. பல இலட்சம் இளைஞர் பதுங்குகுழிகளில் மடிந்த காலத்தில் ஒருவருக்கு ஒரு பந்தயம் தவறியதைப் பெரிதாகப் பேசுவது முறையாகாது என்பது மெய்யே. ஆயினும் ஒரு மனிதனின் வலிமை உச்சத்தில் நிற்கும் ஆண்டுகள் மிகச் சில. அவை கழிந்தாற் கழிந்தவையே.

1920இல் அன்ற்வேர்ப் நகரில் அவர் மீண்டும் ஓடினார். இம்முறை குளிரும் மழையும். பதினாறாவது இடம் கிடைத்தது. 1924இல் பாரிஸ் சென்றபோது வயது முப்பத்திரண்டு. அங்கும் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. இவ்விரண்டையும் இரண்டே வாக்கியங்களிற் கடந்து செல்வது அவருக்கு இழைக்கும் அநீதியாகலாம். ஆனால் பதக்கம் தன் கைக்கு எட்டாது என்பதை அவர் இவற்றுக்கு முன்னரே அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. ஏனெனில் அன்ற்வேர்ப் செல்வதற்குச் சில மாதங்கள் முன்பே அவர் கவனம் வேறொன்றின்மீது சென்றுவிட்டது.

ஒருவரை மட்டும் அனுப்பினால் அவர் நோயுற்றாலோ வீழ்ந்தாலோ எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆகவே ஒரே காலத்திற் பலரை நெடுந்தூர ஓட்டத்திற் பழக்கவேண்டும் என்பது ஸ்டொக்ஹோம் கற்பித்த பாடம். அதற்கு அவரும் அவர் தோழர்களும் கண்ட வழி அஞ்சலோட்டம். டோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலை வரை சென்று மீளும் இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை. ஒருவர் தம் பகுதியை ஓடி முடித்ததும் தோளிற் குறுக்காக அணிந்த துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் கையளிப்பார். 1920 பெப்ரவரியில் நடைபெற்ற முதற்போட்டிக்கு வந்தவை நான்கே நான்கு கல்வி நிலையங்கள். வெற்றி கனாகுரி பயின்ற ஆசிரியர் கல்லூரிக்கே கிடைத்தது. அவ்வோட்டம் இன்றும் ஆண்டுதோறும் சனவரி 2ஆம், 3ஆம் திகதிகளில் நடைபெறுகின்றது. புத்தாண்டு விடுமுறையில் நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அதனைப் பார்க்கின்றது. தம் பகுதியை முடிக்கவியலாது தளர்ந்து விழும் ஓட்டவீரரை அதிற் சில ஆண்டுகளிற் காணலாம். தோளிலிருந்து அத்துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவர் கையிற் கொடுப்பதற்காக அவர் தவழ்ந்து செல்வதையும் காணலாம். அவ்வோட்டத்தை வகுத்தவர் ஒரு தோட்டத்திற் கிடந்தவர் என்பதை அறிந்தவர்க்கு அக்காட்சி வேறுவிதமாகப் புலப்படும்.

அதன் பின்னர் அவர் பல்லாண்டு ஆசிரியராயிருந்தார். பெண்கள் பாடசாலையிலும் கற்பித்து, மாணவியர் ஓடுவதையும் விளையாடுவதையும் ஊக்குவித்தார். அது எளிதில் ஏற்கப்படாத காலம். துணிக் காலுறையைப் படிப்படியாகத் திருத்தி ஓட்டக் காலணியாக்கும் வேலையிலும் கைவினைஞரோடு சேர்ந்து ஈடுபட்டார். 1951இல் ஹிரோஷிமா மாகாணத்தைச் சேர்ந்த ஷிகெக்கி தனாக்கா அமெரிக்காவின் பொஸ்ரன் மரதனை வென்றபோது, பெருவிரல் பிரிந்த அவருடைய காலணியை அங்கிருந்தோர் வியந்து நோக்கினர். ஸ்டொக்ஹோம் வீதிகளில் முழங்காலை நோகச் செய்த அந்தத் தபியின் வழித்தோன்றலே அது.

சுவீடன் நாட்டவர் இறுதியில் அவரைக் கண்டுபிடித்தனர். உண்மையில், அவர் தம் ஊரிலேயே இருந்தார். தேடியிருந்தால் எந்நாளும் கண்டிருக்கலாம். ஸ்டொக்ஹோம் விழாவின் ஐம்பத்தைந்தாம் ஆண்டு நினைவையொட்டி, விட்ட ஓட்டத்தை முடித்துத் தருமாறு அழைப்பு வந்தது. 1967 மார்ச்சில், எழுபத்தைந்து வயதில், மேலங்கி அணிந்தவாறே கனாகுரி அதே அரங்கில் சிறிது தூரம் ஓடி எல்லைக்கோட்டு நாடாவை அறுத்தார். அவர் எடுத்த நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 செக்கன் என ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. ஐந்தாவது ஒலிம்பிக் விழாவின் நிகழ்ச்சிகள் யாவும் இத்துடன் நிறைவுற்றன என்றும் சேர்த்துச் சொன்னார்கள். வழி நீண்டதாயிருந்தது என்றும், இடையில் தமக்குத் திருமணமாகி ஆறு பிள்ளைகளும் பத்துப் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டனர் என்றும் அவர் விடை கூறினார். அரங்கு சிரித்தது. இம்முறை அவரும் சேர்ந்து சிரித்தார்.

அப்பயணத்தின்போது, முன்னர் தமக்குப் பழரசம் அளித்த குடும்பத்தின் அடுத்த தலைமுறையினரையும் அவர் சந்தித்தார். பின்னர் ஊர் திரும்பி, 1983 நவம்பரில் தமது தொண்ணூற்றிரண்டாம் வயதிற் காலமானார். அத்தோட்டத்துக்கும் விளையாட்டரங்குக்கும் இடையே ஏறக்குறையப் பதின்மூன்று கிலோமீற்றர் வீதி உண்டு. 1912இல் அவர் அதனைப் புகையிரதத்திற் கடந்தார். 1967இலும் அதை ஓடவில்லை.